கம்ப்யூட்டர் குடித்த கரண்ட்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது, நான்கே மாதத்தில் போனது. போனதற்கு அப்பா ஒரு காரணம் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கள்ளக்குறிச்சியில் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து மாமா அதை வாங்கிவந்து அக்காவுக்குக் கொடுத்தார். பிளஸ் டூ முடித்த அக்காவைக் காலேஜில் சேர்க்கப் பணமில்லை என்று அப்பா கையை விரித்திருந்தார். "நானே சம்பாதிச்சு சேர்ந்துக்கறேன்" என்று அக்கா டைப் அடிக்க உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையிலிருந்து மனுவும் பயோடேட்டாவும் வரும். அடித்து முடித்ததைக் கடைப் பையன் வாசலில் நின்றபடியே பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போவான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பங்காளி வீட்டு விசேஷத்துக்குக் கரண்ட் எங்கள் மீட்டரிலிருந்துதான் போகும். யாரும் கேட்பதும் இல்லை, நாங்கள் மறுப்பதும் இல்லை. தெருமுனை வரை சீரியல் செட்டும் பந்தலில் நான்கு ஃபோகஸ் லைட்டும் ஒரு வாரம் எரிந்தன.

ரீடிங் எடுப்பவர் தெருவில் தலைகாட்டியதும் ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் யூனிட் குறைவாகக் காட்டும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அந்த முறையும் அணைத்துவிட்டு வியர்க்க விறுவிறுக்க நின்றார். அட்டையில் எழுதியதைப் பார்த்ததும் எகிறினார்.

"இந்தப் பொட்டி வந்ததிலேர்ந்துதான் கரண்டு ஜாஸ்தி ஓடுது. நாளெல்லாம் அத்த போட்டுக்கினு இன்னாடி கிழிக்கிற?"

"அது கம்மியாத்தாம்பா இழுக்கும். ஃபோகஸ் லைட்டுதான்..." என்றாள் அக்கா.

"பெரியப்பன் வூட்டு விசேஷத்துக்குக் கணக்கு பாக்கறியா?"

நான் ஏழாம் வகுப்பு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன். கம்ப்யூட்டரை மட்டும் போட்டு, மீட்டருக்குள் கறுப்புக் கோடு போட்ட சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு நான்கு சுற்று. டிவியும் இரண்டு ஃபேனும் சேர்ந்து ஓடினாலும் அதே நான்குதான். அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் பாக்ஸைப் போட்டதும் சக்கரம் பேய் பிடித்ததுபோல் இருபதைத் தாண்டியது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கோடு போட்டு, அப்பாவிடம் நீட்டினேன்.

கிழித்தெறிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒரு வரி விடாமல் படித்தார் மனுஷன். "நல்லாத்தான் கணக்கு போடற" என்று என் தலையைத் தடவினார். மறுநாள் காலையிலேயே கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அக்காவின் காலேஜும் அதோடு போனது.

அடுத்த ரீடிங்கில் யூனிட் பாதியாக இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? கல்யாணமும் இல்லை, ஃபோகஸ் லைட்டும் இல்லை. அப்பா அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "பாத்துக்கினியா?" என்றார். மடச்சி நான், என் எண்ணிக்கைதான் தப்பு என்று நம்பிவிட்டேன். அன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று புடவை கட்டி உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளிடம் ஓடினேன்.

"அப்பா சொன்னதுதாங்க்கா சரி. கம்ப்யூட்டருதான் கரண்ட்ட குடிச்சிருக்குது."

"வயசுப் பொண்ணு இருக்கற வூட்டு வாசல்ல தெனமும் ஒரு பையன் வந்து நிக்கறான்" என்று பெரியப்பா அப்பாவிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியவர அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஆனது. அக்காவுக்கு அன்றே தெரியும். தெரிந்தும், என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "ஆமாண்டி, நெறைய குடிச்சிடுச்சு" என்றாள்.