முடிந்தது என்று வராத வேலைகள்

எனக்குப் பொதுவாகவே ஓர் இடத்தில் உட்கார முடியாது. அந்தச் சனிக்கிழமை இன்னும் மோசம். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். காதில் போன். மறுமுனையில் வத்தளையில் குடியிருக்கும் அக்கா.

திங்கட்கிழமை எனக்குப் பண்டாரவளையில் வேலை. தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு யார் யாருக்கோ தட்டச்சு செய்து கொடுத்தவனுக்கு முதல் தடவையாக ஓர் அலுவலகத்தில் நாற்காலி. கொஸ்லந்தையில் விடியுமுன் பஸ் ஏறி, பெரகலயில் மாறிப் போக வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து நான்தான் கூடவே இருக்கிறேன். அக்கா வந்து தங்கினால்தான் நான் போக முடியும். வராவிட்டால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ.

"வரமாட்டேன்னு சொல்லலடா," என்றாள் அக்கா. "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அம்மா ஒரு எடத்துல படுத்திருக்கு. பக்கத்து வீட்டுல சொல்லி வச்சா மத்தியானம் ஒருக்கா எட்டிப் பார்க்க மாட்டாங்களா? அப்படி என்னதான் வேலை இருக்கு அங்க?"

அப்படி என்னதான் வேலை! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"இரு, அனுப்புறேன். போன மாசம் முழுக்க என்னென்ன செஞ்சேன்னு படிச்சுப் பாரு," என்று போனை வைத்துவிட்டேன்.

சும்மா சொல்லவில்லை, கையில் ஆதாரம் இருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் நான் கணினியில் ஒரே கோப்பில் எழுதுவேன். படம் கிடையாது, வண்ணம் கிடையாது, வெறும் எழுத்து. வேலைக்கு ஒரு வரி. செய்ததும் வரியின் முன்னால் 'முடிந்தது' என்று போட்டால் திகதியும் தானாகச் சேர்ந்துகொள்ளும். இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை முடிந்ததைக் காட்டு என்று கேட்டால் வரிசையாகக் கொட்டும். போன மாதத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் போட்டுக் கேட்டேன்.

கூரைத் தகட்டுக்கு ஆணி அடித்தது. காஸ் சிலிண்டர் மாற்றியது. அம்மாவின் கிளினிக்குக்கு நம்பர் எடுத்தது. கட்டில் காலுக்குக் கட்டை வைத்தது. வெலிமடை லொறிக்காரரிடம் கரட், லீக்ஸ் வாங்கியது.

அவ்வளவுதான். இதைப் பார்த்தால் நானே சொல்வேன், பயல் நன்றாகத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று.

சுடுதண்ணீர் எங்கே? மாத்திரை எங்கே? துணி மாற்றியது, துவைத்தது? பிறகுதான் உறைத்தது. அந்த வரிகளுக்கெல்லாம் 'தினமும்' என்று நானே குறி போட்டிருந்தேன். முடிந்தது என்று அழுத்திய உடனே அவை நாளைத் திகதிக்குத் தாவி மறுபடி செய்ய வேண்டிய பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அப்படி அமைத்த நாளில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

"என்னடா," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. வாதத்துக்குப் பிறகு பேச்சு இழுக்கும். குறும்பு மட்டும் இழுக்காது. "அரைப் பேரு போட்டுட்டாங்களா?"

அம்மா கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறையில் குறைந்தால் கங்காணி அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார், அதாவது அரை நாள் சம்பளம். நாள் முழுக்க மலையில் நின்ற கால்களுக்குக் கணக்குக் கிடையாது.

"ஆமாம்மா. அரைப் பேருதான்."

"யாரு கங்காணி?"

"ஒம் மகதான்."

பாதி வாயால் சிரித்தாள். வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன். அதுவும் கணக்கில் வராது.

எனக்கு வீம்பு வந்தது. குறியை எடுத்துவிட்டால் எல்லா வரியும் முடிந்த பக்கத்தில் வந்து விழுந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொன்றாக எடுத்தேன். அழுத்தினேன். இன்றைய திகதியைப் போட்டு மறுபடி கேட்டேன். திரையில் வந்தது.

முடிந்தது: அம்மாவுக்கு மாத்திரை.

முடிந்தது: அம்மாவுக்குச் சுடுதண்ணீர்.

விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் விளக்கை அணை என்றுகூடச் சொல்லமாட்டார்கள், குளிர வை என்பார்கள். நான் பட்டப்பகலில் என்ன எழுதி வைத்திருக்கிறேன்? இந்த வரிகள் உண்மையாகவே இப்படி வந்து நிற்கும் நாள் ஒன்று இருக்கிறது. அது இப்போதைக்கு வரக் கூடாது. அவசர அவசரமாக எல்லாவற்றிலும் 'முடிந்தது' என்பதை அழித்து, 'தினமும்' குறியைத் திரும்பப் போட்டேன். எழுந்து போய் அம்மாவின் காலைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா."

அக்காவுக்கு முடிந்ததை அனுப்பவில்லை. நாளைய பக்கத்தை அனுப்பினேன். துணி மாற்று. சுடுதண்ணீர் வை. உடம்பு துடை. கஞ்சி ஊட்டு. மாத்திரை. வலது கையை மடக்கி நீட்டு. திருப்பிப் படுக்க வை. முதுகில் புண் இருக்கிறதா பார். மறுபடி துணி. மறுபடி திருப்பு. அடியில் ஒரு வரி சேர்த்தேன்: இது நாளைக்கு. நாளன்றைக்கும் இதேதான்.

பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்றிருந்தது. கூட்டிய வாசலை மறுபடி கூட்டினேன். கொடியில் ஈரம் காயாத துணியைத் திருப்பிப் போட்டேன். பனி இறங்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"மாத்திரை கஞ்சிக்கு முந்தியாடா, பிந்தியா?" என்றாள் அக்கா.

வருகிறாள். கேட்டதைக் கொடுத்துவிட்டாள். ஆனால் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, வயிற்றெரிச்சல். என் கையிலிருப்பதை யாரோ பிடுங்குவதுபோல இருந்தது.

"பிந்தி," என்றேன். "வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும். தண்ணிய மொதல்ல ஒன் கையில ஊத்திப் பாரு. வலது கைய மெதுவா மடக்கு. தோள்ல வலிக்கும், ஆனா சொல்லாது."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் போர்வையைச் சரிசெய்தேன்.

"டேய்," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "எனக்குத் தோளு வலிக்கலன்னு சொல்லு அவகிட்ட."