அளவு அறையில் ஜுபைதா அக்கா கேட்ட கேள்வி

திருப்பரங்குன்றம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அப்போதுதான் செய்தி வந்தது. கண் ஆஸ்பத்திரியில் ஒன்றாக வேலை பார்த்த நம் பழைய ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: 'நம்ம ஜுபைதா அக்கா மௌத்தாயிட்டாங்க.' அடுத்த நிமிஷமே அஞ்சலியாகக் கைகூப்பும் படங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. நானும் ஒன்று போடப் போனேன், கை வரவில்லை. அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "செல்விக்குத்தான் வாய் உண்டு, அவளே எழுதட்டும்" என்றீர்கள். வாய் உண்டுதான். அந்த வாய் செய்த காரியத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கண்புரை ஆபரேஷனுக்கு வருகிறவர்களின் கண்ணை மெஷினில் அளந்து, உள்ளே வைக்கும் லென்ஸ் என்ன பவரில் இருக்க வேண்டும் என்று பார்ப்பது அக்காவின் வேலை. அளந்து முடித்தவர்கள் அடுத்த அறைக்கு, கவுன்சிலரான என்னிடம் வருவார்கள். லென்ஸ் என்றால் என்ன, அதனால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று புரிய வைப்பது என் வேலை. அதில் பாதியை அக்காவே முடித்து அனுப்பிவிடுவார். அவனியாபுரத்திலிருந்து ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிற ஒருவர் வந்திருந்தார். "ஏத்தா, இது தூசி பட்டா கழட்டிக் கழுவணுமா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "கழட்டவும் வேணாம், கழுவவும் வேணாம்ணே. உங்க லென்ஸ் கலங்கிப்போச்சு. அதை எடுத்துட்டு, அது இருந்த பைக்குள்ளயே இதை வைப்பாங்க. நீங்க கண்ணைக் கசக்காம இருந்தாப் போதும், அம்புட்டுத்தான்" என்றார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம கண்ணுக்குள்ள ஒண்ணை வைக்கப் போறாங்கன்னா நாமளும் இப்படித்தான் கேப்போம் செல்வி" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் சொன்ன இன்னொன்றும் அப்படியே மனசில் இருக்கிறது. "பிறந்தப்ப இருந்த லென்ஸு கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானா மாறிக்கிரும். நாம சாதாரணமா வைக்கிற லென்ஸு மாறாது. ஒரு தூரத்துக்கு வச்சா அந்தத் தூரந்தான், மத்ததுக்குக் கண்ணாடி போடணும். அதனால ஒரு மனுசன் எம்புட்டு தூரத்துல பொழைக்கிறான்னு கேக்காம லென்ஸைப் பத்திப் பேசாத." அவர் எல்லோரிடமும் இதைக் கேட்பார். கேட்டதை அளவுத் தாளின் ஓரத்தில் பென்சிலில் குறித்து வைப்பார். 'பூ கட்டுவார்', 'ஆட்டோ ஓட்டுவார்', 'குர்ஆன் ஓதுவார்' என்று இருக்கும். நான் அதைப் படித்து, நோயாளியிடம் பேசி, 'தூரம்' அல்லது 'கிட்டம்' என்று மேலே பேனாவில் எழுத வேண்டும். பென்சிலில் இருப்பது கேள்வி, பேனாவில் இருப்பது முடிவு. டாக்டர் பேனாவைத்தான் பார்ப்பார்.

கண் முகாம் பஸ்கள் வந்து இறங்கிய ஒரு நாளில், டவுன் ஹால் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பத்மநாபன் அண்ணன் வந்தார். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்காரர், தடிமனான கண்ணாடி. ஆனால் வேலைக்கு உட்கார்ந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போர்டை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் பற்றவைப்பாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குப் பசி, கூட்டம், எரிச்சல். ஆட்கள் வந்து உட்காரும் முன்பே அடுக்கிலிருந்த தாள்களில் வரிசையாக 'தூரம்' என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். பென்சிலைப் பார்க்கவே இல்லை. அவரிடம் பெருமையாக, "இனிமே உங்களுக்குக் கண்ணாடியே வேணாம்ணே" என்றேன். அவர் கும்பிட்டார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. "தூரத்துல வர்ற பஸ்ஸு நம்பர் தெரியுது தாயி. கையில இருக்கிற போர்டு தெரியல. கண்ணாடி போட்டா எழுத்து தெரியுது, ஈயம் வைக்கிற புள்ளி பிடிபடல. நான் எப்படிப் பொழைக்கிறது?" என்றார். புகார் பெரிய டாக்டரிடம் போனது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: 'செல்போன் ரிப்பேர். வேலைக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கிட்டத்துக்கு வைக்கலாமா? பேசவும்.'

நான் அதை ரப்பரால் அழித்தேன். தூளை ஊதித் தள்ளினேன். பிறகு போய்ச் சாப்பிடவும் செய்தேன்.

விசாரணையில் பெரிய டாக்டர் தாளைத் தூக்கிக் காட்டினார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல இதைக்கூடக் கேட்டு எழுதலையா ஜுபைதா?" புதிதாக வேலைக்குச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அக்கா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு, "மறந்துட்டேன் போல சார்" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது, என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தானே வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று உருகவும் செய்தேன். உருகுவது சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு தையல்காரர் டேப்போடு டவுன் ஹால் ரோட்டுக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப் போனார். பத்மநாபன் அண்ணனைக் கடையில் உட்காரவைத்து, எந்தத் தூரத்தில் போர்டைப் பிடிப்பார் என்று கண்ணிலிருந்து அளந்தார். இன்னும் ஆபரேஷன் செய்யாத அடுத்த கண்ணை அந்தத் தூரத்துக்கு வைக்கச் சொல்லி டாக்டரிடம் பேசி, அது நல்லபடியாக முடியும்வரை பின்னாலேயே அலைந்தார். அன்று கடையில் அக்கா, "அண்ணே, அளக்கும்போது உங்க வேலையைப் பத்தி நான் கேட்டேனா?" என்று கேட்டார். அண்ணன், "யாரு யாரோ என்னென்னவோ கேட்டீங்கம்மா. மருந்து ஊத்துன கண்ணுல எனக்கு யாரையும் அடையாளம் தெரியல" என்றார். எல்லாம் தெரிந்தவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை, எனக்கு உயிர் திரும்பி வந்தது. அண்ணன் வாங்கிக் கொடுத்த டீயை அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன்.

சில மாதங்களில் அக்கா தானாகவே கேட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாறிப்போனார். முட்டி வலி என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டோம். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பும்போது என் டப்பாவில் மட்டும் ஒரு துண்டு கூடுதலாக இருக்கும். மன்னித்துவிட்டார் என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகள் நூர்ஜஹான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஆன்ட்டி, அம்மா கடைசி வரைக்கும் அந்த செல்போன் கடைக்காரரைப் பத்தியே பேசுனாங்க. 'கேட்டேன், எழுதினேன்னுதான் ஞாபகம், தாளைப் பாத்தா ஒண்ணுமே இல்ல. என் ஞாபகத்தை நம்பி இனி யாரு கண்ணையும் தொடக்கூடாது'ன்னுதான் அந்த ரூமை விட்டாங்களாம். 'நான் கேட்டது செல்விக்கு ஞாபகம் இருக்குமோன்னு அவ மூஞ்சியப் பாத்தேன், அவளும் ஒண்ணும் சொல்லல'ன்னு சொல்லுவாங்க."

நான் அழித்தது அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அன்று அவர் என்னைப் பார்த்தது காப்பாற்ற இல்லை. தான் கேட்டது உண்மைதானா என்று என்னிடம் கேட்கத்தான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனுஷி இத்தனை வருஷம் இருந்திருக்கிறார், நான் அவர் அனுப்பிய பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றும் நான் நூர்ஜஹானிடம், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீடு நிறைய ஜனம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். நேற்று மறுபடியும் போய், இதுவரை எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் வந்துவிட்டேன்.

இறந்தவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன என்று இந்த மாதிரி எழுத்தில் கடைசியில் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது அவருடைய நல்ல பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டது. அது வேண்டியவர் போய்விட்ட பிறகு உங்கள் முன்னால் திருப்பி வைக்கிறேன். ஜுபைதா அக்கா மறக்கவில்லை. கேட்டார், எழுதியும் வைத்தார். அழித்தவள் நான்.