கலஹாவில் தேய்ந்த லத்தீன்

முப்பத்துநாலாம் ஆண்டு தை மாதம் கண்டிக்குப் போய் வந்தேன். சிறு வயதில் எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்த இத்தாலியச் சுவாமியார் கப்பலேறப் போகிறார் என்று தகவல் வந்ததுதான் காரணம். எழுபதைத் தாண்டிய மனிதர், பலவீனமான இதயம். ஊருக்கே போய்விடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வியாழக்கிழமை கப்பல். அதற்குள் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. முப்பது வருஷம் பூசை வைத்த கலஹாத் தேயிலைத் தோட்டத்து மாதாகோயிலில், அந்தச் சனங்கள் லத்தீனில் பாடுவதைக் கடைசியாக ஒருதரம் கேட்க வேண்டும். துணைக்கு என்னை வரச்சொன்னார்.

நான் கொழும்பில் லத்தீன் வாத்தியார். தொப்பையும் வழுக்கையும் ஒரே வருஷம் வந்து சேர்ந்தவன். தூக்கத்தில்கூட வினைத்திரிபு சொல்கிறேனாம். என் மனைவி அயல்வீடெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலை ஏழு மணிக் கோச்சியைப் பிடித்தால் பதினொன்றுக்கு முன் கண்டி. எழுபத்தைந்து மைல். வலப்பக்கச் சன்னலோரம் பிடியுங்கள், கடுகண்ணாவை ஏற்றத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் உங்களுக்குத்தான். நான் அதை ஒரு பெரிய அம்மாவின் கொண்டைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

போனது சனிக்கிழமை. சுவாமியாரிடம் சொல்லாமல், பேராதனை வழியாகக் கலஹா பஸ்ஸில் ஏறினேன். கண்டியிலிருந்து பன்னிரண்டு மைல், முப்பது சதம், எண்ண முடியாத வளைவுகள். என் மண்டையில் ஒரு திட்டம் உதித்திருந்தது. தோட்டத்துச் சனம் லத்தீனைக் காதால் மட்டும் படித்தவர்கள். துதிக்கிறோம் என்பதற்கு லத்தீனில் ‘லவுதாமுஸ்’. இவர்கள் வாயில் அது ‘லொதாமோ’. முப்பது வருஷமும், பலிபீடத்தைப் பார்த்துப் பூசை வைக்கும் சுவாமியார் நடுவிலேயே சனத்தின் பக்கம் திரும்பி நின்று அதைத் திருத்துவார். ஒருநாளும் திருந்தியதில்லை. போகிற மனிதருக்குச் சுத்தமான லத்தீனைப் பரிசாகக் கொடுத்தால் என்ன?

பாட்டுக்குத் தலைவி மரியாயி. கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள் என் திட்டத்தைக் கேட்டு இடுப்பில் கையை வைத்தாள்.

“முப்பது வருசமா இதத்தானே சாமி கேட்டாரு. ஒண்ணும் ஆகலயே அவருக்கு.”

“திருத்தத்தானே பாடுபட்டார். அந்தக் குறை இல்லாமல் போகட்டும், மரியாயி.”

அது அவளைத் தொட்டுவிட்டது. “அப்ப சொல்லுங்க வாத்தியாரே. சாமிக்காக நாக்க முறுக்கிக்கிறோம்.”

விளக்கு வைக்கும்வரை முறுக்கினோம்.

ஞாயிறு காலை கண்டியிலிருந்து சுவாமியாரைக் கூட்டிப்போகக் கெலிஓயா ஷரீப் நானாவின் காரைப் பேசினேன். போக வர ஆறு ரூபாய். ஐந்துக்கும் வருவார், ஆனால் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசுவார். சுவாமியார் முன்னால் கண்ணயர்ந்திருந்தார். பேராதனைப் பாலம் தாண்டியதும் நானா கேட்டார்:

“லத்தீன் மவுத்தாப் போன பாஷதானே மாஸ்டர்? பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு?”

“மவுத்துதான் நானா, செத்த மொழிதான். ஆனால் பிள்ளைகள் இருக்கிறார்களே. இத்தாலியன், பிரெஞ்சு, இஸ்பானியம், போர்த்துக்கீசு.”

“அப்ப சொத்துப் பிரிச்சிருப்பாங்க.”

பிரித்தார்கள், வினைச்சொற்களையும்தான். ‘பாடுவேன்’ என்பதற்குத் தாயிடம் ‘கந்தாபோ’ என்று ஒரு சொல் இருந்தது. பிள்ளைகளில் ஒருவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் ‘பாட இருக்கிறேன்’ என்கிறோமே, அதுபோல ‘பாட’ என்பதோடு ‘உடையேன்’ என்பதை ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டிய இடம் வாயில் தேய்ந்து இத்தாலியனுக்குக் ‘கந்தெரோ’ ஆயிற்று, பிரெஞ்சுக்காரனுக்கு ‘ஷாந்த்ரே’. அந்த ‘உடையேன்’ என்பதைக் கொண்டே ‘பாடி வைத்திருக்கிறேன்’ என்பது மாதிரிப் புதிய இறந்தகாலம் ஒன்றும் கட்டினார்கள். நம் ‘லவுதாமுஸ்’ இத்தாலியப் புத்தகத்தில் ‘லொதியாமோ’, பிரெஞ்சில் ‘லூஓன்’. போர்த்துக்கீசன் ‘லோவாமுஷ்’ என்பான். அவன் நமக்குக் கதிரையும் அலுமாரியும் கொடுத்தான். உட்காரவும் பூட்டவும் நாம் நம்முடைய வினைகளையே வைத்துக்கொண்டோம்.

“எங்கட ஓதல்ல ஒரு எழுத்துப் பிசகினா லெப்பை பிரம்பத் தூக்குவார்,” என்றார் நானா. “அங்க பிரம்பு இல்லயாக்கும்.”

“இருந்தது. அதைப் பிடித்த ரோம ராச்சியம்தான் போய்விட்டது.”

கோயில் நிறைந்திருந்தது. உள்ளூர்க் குருவானவர் பூசை வைக்க, சுவாமியாரை முன்வரிசையில் ஒரு கதிரையில் இருத்தினோம். பாட்டுத் தொடங்கியது. ‘லவுதாமுஸ்’, அட்சரசுத்தம். ஒரு ஸ் உதிரவில்லை. எனக்கு நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது.

சுவாமியார் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “இவர்கள் யார்?”

“உங்கள் சனம்தான், சுவாமி. நான் திருத்திக்கொடுத்தேன்.”

“நல்லது,” என்றார். அப்புறம் பூசை முடியும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தும் அவர் கைக்கு வேலை ஒன்றும் இல்லை. அந்தக் கோயிலில் முதல்தடவையாக அவர் அந்நியராக இருந்தார், அப்படி ஆக்கியவன் நான்.

பூசை முடிந்ததும் மரியாயியை ஒதுக்கமாகக் கூப்பிட்டேன். “பழையபடி ஒருதரம் பாடு, தாயே.”

“நல்லா இருக்கே கத. நேத்து முழுக்க முறுக்கிவிட்டுட்டு இன்னிக்கு அவுக்கச் சொல்றீங்க. பழசு இப்ப வாயில வரமாட்டேங்குது.”

சனம் காரைச் சூழ்ந்து முழந்தாளிட்டது. சுவாமியார் ஆசீர்வதித்தார். கார் நகர, அவர்கள் எழுந்து பாடினார்கள். முதல் அடி என் லத்தீன்தான். ஆனால் கார் போகப்போகப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அழுகிற வாய்க்கு வாத்தியார் சொன்னதா ஞாபகம் இருக்கும்? இரண்டாம் அடியில் ஒரு ஸ் விழுந்தது. அப்புறம் எல்லாம் விழுந்தன. லொதாமோ, லொதாமோ.

சுவாமியார் நானாவின் தோளில் தட்டினார். கார் நின்றது. தலையை வெளியே நீட்டி, விரலை ஆட்டி, இருந்த பலமெல்லாம் சேர்த்து, “லவு… தா… முஸ்,” என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் சத்தமாகப் பிழையாகப் பாடினார்கள். அவர் மறுபடி விரலை ஆட்டினார். எவ்வளவு நேரம் அப்படி நடந்தது என்று நான் பார்க்கவில்லை. நானாவும் வாடகையைப் பற்றிப் பேசவில்லை.

இறக்கத்தில் சுவாமியார் சொன்னார்: “புத்தகத்தில் லொதியாமோ. எங்கள் கிராமத்தில் என் அம்மா லொதாமோ என்றுதான் சொல்லுவாள். அவளையும் திருத்தியிருக்கிறேன்.”

போக நினைப்பவர்களுக்கு: பேராதனையிலிருந்து கலஹாவுக்குக் காலை பஸ் ஏழரைக்கு. போர்வை அவசியம், மழை பெய்திருந்தால் அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை ஒன்பதுக்கு, பின்வரிசையில்தான் பாட்டு நன்றாகக் கேட்கும். அதற்குப்பின் நான் இருதரம் போயிருக்கிறேன். நான் சொல்லிக்கொடுத்த ஒரு விகுதிகூட அங்கே மிஞ்சவில்லை. அந்த அடி வரும்போது மாத்திரம் அவர்கள் எல்லோரும் ஒரு கணம் நிறுத்திப் பலிபீடத்தைப் பார்க்கிறார்கள், யாராவது திரும்புவார்களா என்று.