பறங்கிக்காயை அடித்த கதை

எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குக் கூட்டாஞ்சோற்று ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆளுக்கு ஒரு பிடி அரிசியும் ஒரு காயும் கொண்டுவந்தால், சனிக்கிழமை கோட்டை மலையடிவாரத்தில் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடலாம் என்றார். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துச் சலித்த செஞ்சிப் பிள்ளைகள் நாங்கள், ஏதோ சீமைக்குக் கிளம்புவதுபோலக் குதித்தோம்.

"ஆனா ஒண்ணு, ஒருத்தர் சாப்பிட முடியலைன்னாலும் அடுப்பு பத்தவெக்க மாட்டேன்" என்றார் டீச்சர்.

அந்த ஒருத்தர் யார் என்று எங்களுக்குத் தெரியும். பத்மா, மேல்சித்தாமூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் கடை வைத்த சமணக் குடும்பத்துப் பெண். மதியம் எங்களோடு உட்காராமல், தூக்குச்சட்டியோடு தனியாக வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள்.

டீச்சர் கரும்பலகையில் காய்களை வரிசையாக எழுதினார். அவரவர் வீட்டில் சாப்பிடாததைச் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொன்னார். பத்மா வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முள்ளங்கி என்று மண்ணுக்கடியில் விளைவதையெல்லாம் எழுதிச் சிலேட்டின் இரண்டு பக்கமும் நிரப்பினாள். டீச்சர் காரணம் ஒன்றும் கேட்காமல் பலகையில் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தார். காதர் நண்டு என்று எழுதினான். கூட்டாஞ்சோற்றில் நண்டை யார் போடப் போகிறார்கள்? டீச்சர் அதையும் மரியாதையாகப் பலகையில் எழுதி, பிறகு அடித்தார்.

அப்போதுதான் எங்களுக்குப் புத்தி வேலை செய்தது. எழுதினால் போதும், அடித்துவிடுகிறார்! ஒருவன் பாகற்காயை ஒழித்தான், இன்னொருத்தி சுரைக்காயை. அவரை போயிற்று, புடலை போயிற்று. நான் என் ஜென்ம விரோதியான பறங்கிக்காயை எழுதினேன். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் அதுதான் குழம்பு. பலகையில் மிச்சமிருந்த ஒரே காய் அதுதான் என்பதை நான் கவனிக்கவில்லை.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அப்ப அடுப்பு இல்ல."

பத்மா தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று நினைத்துவிட்டாள்.

கடைசி வரிசையில் அஞ்சலையின் சிலேட்டில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. உங்கள் வீட்டில் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாம் துன்னுவோம் டீச்சர், கெடச்சா."

வகுப்பே சிரித்தது, நானும்தான். டீச்சர் சிரிக்கவில்லை. அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்மாவின் அழுகை எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன். "எங்க வூட்லயும் பறங்கிக்கா துன்னுவோம் டீச்சர். எனக்குத்தான் புடிக்காது."

அடி விழும் என்று கையை நீட்டினேன். கையில் டஸ்டர் வந்தது. பறங்கிக்காய்மேல் போட்டிருந்த கோட்டை நானே அழித்தேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்து சுரைக்காயையும் அவரையையும் மீட்டார்கள். "நண்டு மெய்யாலுமே துன்ன மாட்டோம் டீச்சர்!" என்று காதர் பதறினான். பத்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. கரண்டியை டீச்சர் அஞ்சலையிடம் கொடுத்தார். இருக்கிற குரங்கெல்லாம் எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது. காதர் தடியோடு காவல் நின்றான். அஞ்சலை பரிமாற, பத்மா எங்கள் நடுவில் உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. என் இலையில் விழுந்த பறங்கித் துண்டுகளை மட்டும் யாருக்கும் தெரியாமல் அஞ்சலையின் இலைக்குத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சண்டைக்கு நின்றேன். நாம் மட்டும் ஏன் பறங்கிக்காயையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அஞ்சலை வீட்டில் எல்லாம் சாப்பிடுகிறார்களாம், அவளே சொன்னாள் என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வேண்டாம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லாத அந்த வீடு எவ்வளவு பெரிய பணக்கார வீடாக இருக்கும் என்று நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.