மைக் அறைச் சாவி

'பேரிடர் மேலாண்மைக் குழுத் தலைவி: ம. அஞ்சுகம்' என்று நீலப் பலகையில் எழுதிக் குப்பத்தின் முகப்பில் நட்டிருந்தார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த சின்னக் குப்பம் அது. சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று, குழுவுக்குப் பெண்தான் தலைமை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மீன் விற்கிற பெண்களில் பத்தாவது வரை படித்தவள் அஞ்சுகம் ஒருத்திதான். பலகையில் அவள் பெயர் இருந்தால் ஊருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அவள்தான் அதை நிஜமென்று நம்பித் தொலைத்தாள். நான்கு நாள் பயிற்சிக்குப் போனாள். கடல் சூடாகிக்கொண்டு வருகிறது, இனிமேல் காற்றும் மழையும் மாதம் பார்த்து வராது என்று அங்கே சொன்னபோது மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு அது புதிதில்லை. காலம் தப்பி மத்தி வருவதையும், வலை காயப்போட்ட இடம் கடலுக்குள் போய்விட்டதையும் தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? ஆரஞ்சு நிறச் சட்டை, எச்சரிக்கை சொல்லிக் கூப்பிடுவதற்கென்று ஒரு செல்போன், பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் எல்லாவற்றோடும் திரும்பி வந்தாள்.

மைக்கை மட்டும் யாரும் தரவில்லை. குப்பத்தில் எந்த அறிவிப்பானாலும் கோயில் மைக்கில்தான் சொல்ல வேண்டும். ஊரை நடத்துகிற நாட்டார் மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் மைக் அறை திறக்கும். சாவி பெரிய நாட்டார் சுந்தரமூர்த்தியின் இடுப்பில் இருக்கும். காணாமல் போன ஆட்டுக்குட்டிக்கும் இதே சட்டம்தான், கடல் பொங்கினாலும் இதே சட்டம்தான்.

இரண்டாயிரத்து ஏழில் புயல் எச்சரிக்கை என்று போன் வந்தபோது அவள் யாரையும் கேட்கவில்லை. பூசாரி செல்லையனிடம் இருந்த மாற்றுச் சாவியை வாங்கி மைக்கில் சொல்லிவிட்டாள். படகுகள் இரண்டு நாள் கரையில் கிடந்தன. புயல் எங்கோ ஒதுங்கிப் போனது. பக்கத்து ஊர்க்காரர்கள் கூடை கூடையாக வஞ்சிரம் கொண்டுவந்து இறக்கினார்கள். இங்கே ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

பெண்கள் ஊர்க்கூட்டத்தில் நிற்கக் கூடாது. பெண்டாட்டி செய்த தப்புக்குப் புருஷன் ஊர் காலில் விழ வேண்டும். மணிவேல் விழுந்தான், நெடுஞ்சாண்கிடையாக. வீட்டுக்கு வந்தவனின் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட அஞ்சுகம் கையை நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று முதல் ஊருக்கு அவன் 'புயல் மாப்பிள்ளை'. செல்லையனிடம் இருந்த சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மறுவருஷம் கார்த்திகையில் ஒரு நாள், மதியம் ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. சாயங்காலத்துக்குள் சூறைக்காற்று வரும், படகு எதையும் விடாதீர்கள் என்று சொன்னார்கள். அஞ்சுகம் கரைக்கு ஓடினாள். மணிவேலும் அவன் பங்காளி செம்பியனும் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இன்னிக்கு வேணாங்க. காத்து வருதாம்."

"நாட்டாரு சொல்லட்டும், நிக்கிறேன். மறுபடியும் உன் பேச்சக் கேட்டு நின்னா, ஊரு என்னையப் பொடவ கட்டிக்கச் சொல்லும்டி."

அப்படிச் சொல்ல அவனுக்கு நியாயம் இருந்தது. விழுந்தவன் அவன்.

சுந்தரமூர்த்தி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். கடலை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணெய் ஊத்துனாப்புல கெடக்கு. ஐம்பது வருசமா பாக்குறேன், எனக்குத் தெரியாத காத்தா? சரி, நீ தலைவி, சொல்ற. மத்த ரெண்டு பேரையும் ஒத்துக்கச் சொல்லு, தொறந்து விடுறேன்."

"பெரியப்பா, மூணு மணிக்குப் படகு போயிடும்."

"போன தடவ மாதிரி ஆவணுமா?"

இரண்டாவது நாட்டார் பஞ்சநாதன் ஏலக்கூடத்தில் இருந்தார். சரியென்று தலையை ஆட்டினார். மூன்றாவது நாட்டார் இளையபெருமாள் அம்பகரத்தூர் காளி கோயிலுக்குப் போயிருந்தார். போன் வைத்துக்கொள்ளாத மனுஷர். அஞ்சுகம் பெரிய நாட்டாரிடம் திரும்பி வந்து கெஞ்சினாள், அழுதாள். இரண்டு பேர் சொல்லி மைக் திறந்த வழக்கம் கிடையாது என்றார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. வழக்கம் தெரிந்தவர், அவ்வளவுதான். அந்த அறையின் பூட்டைக் கல்லால் உடைத்திருக்கலாம் என்று அவள் பிறகு ஆயிரம் தடவை நினைத்தாள். அன்று அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றியில் மணலோடு நின்ற மணிவேல்தான். முறைப்படியே போவோம் என்று பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.

இளையபெருமாள் நாலே முக்காலுக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார். "இதுக்கா இப்புடி நிக்கிற? சொல்லிக்கம்மா" என்றார். ஐந்து மணிக்கு மைக் அறை திறந்தது. போய் இரண்டு மணி நேரமான படகுகளுக்குக் கேட்கும்படி அஞ்சுகம் கத்தினாள். ஐந்தரைக்குக் காற்று வந்தது. மூன்று படகுகள் போனதில் இரண்டுதான் திரும்பின. மணிவேலும் செம்பியனும் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அதிகாரி ஒருவர் விபத்து அறிக்கைத் தாளோடு வந்தார். குழுத் தலைவி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"எத்தன மணிக்கு மைக்குல சொன்னீங்க?"

"ரெண்டு மணிக்கே சொல்லியாச்சு சார். மீறிப் போயிட்டானுவ" என்றார் சுந்தரமூர்த்தி.

அஞ்சுகம் பேனாவை வாங்கினாள். 'படகு போனது மூன்று மணி. அனுமதி கிடைத்தது ஐந்து மணி' என்று எழுதினாள்.

"யாரக் கேட்டு எழுதுன?" என்று பெரிய நாட்டார் சீறினார்.

"இதுக்கும் மூணு பேரக் கேக்கணுமா பெரியப்பா? கேட்டுட்டு வர்றதுக்குள்ள இன்னும் யாரு சாவணும்?"

அதிகாரி அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புதுத் தாள் எடுத்தார். அதில் இரண்டு மணி என்று எழுதி, அஞ்சுகத்துக்குப் பதிலாக என்று போட்டுச் சுந்தரமூர்த்தி கையெழுத்திட்டார். மணிவேல் சர்க்கார் கணக்கில் எச்சரிக்கையை மீறிப் போனவன் ஆனான். நீலப் பலகை மட்டும் அப்படியே நின்றது.

அடுத்த ஐப்பசியில் மறுபடி போன் வந்தது. அஞ்சுகம் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, கரண்டியால் அடித்துக்கொண்டே தெருத் தெருவாகப் போனாள். புருஷனைத் தின்றவள் இப்படி வந்து கத்தும்போது கடலுக்குப் போவது ஆகாது என்று, பயத்தை விட வெறுப்பில், ஒரு படகும் இறங்கவில்லை.

அன்று காற்று வரவே இல்லை. கடல் குளம் மாதிரி கிடந்தது. இழுத்து விழ வைக்க அவளுக்குப் புருஷனும் இல்லை. ஆகவே ஊரே அவள் வாசலில் வந்து நின்று திட்டியது. அஞ்சுகம் கதவருகில் நின்று ஒவ்வொரு முகமாக எண்ணினாள். திட்டுவதற்கு ஓர் ஆள் குறையாமல் எல்லாரும் இருந்தார்கள்.