எதிர் வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கிறிஸ்தவ ஊழியக்காரர். ஞாயிறு விடிந்தால் மலைக்கு பஸ் ஏறி, கரியாலூர்ப் பக்கம் நாலு வீட்டில் ஜெபம் பண்ணிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவார். இங்கே வீட்டில் நடக்கும் ஜெபத்தை நான்தான் பார்த்துக்கொள்வேன். கூலி வேலைக்குப் போகிற ஏழு பெண்கள் வருவார்கள். அவ்வளவுதான் சபை.

அது எங்களுக்கு நாலாவது வீடு. முந்தைய மூன்றையும் இந்த ஜெபத்தால்தான் காலி பண்ணினோம். பாத்திரம் பண்டம் கட்டியே அலுத்துப்போயிருந்தது. இங்கேயும் ஆறே மாதத்தில் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"குடியிருங்க, வேணாம்னு சொல்லல. கூட்டம் கூட்டினா அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்றார் அவர்.

அதனால் கைதட்டலை விட்டோம். பாட்டை முணுமுணுத்தோம். வாசலில் செருப்புக் கிடந்தால் கூட்டம் என்று தெரிந்துவிடுமே, வருகிறவர்களின் செருப்பை எல்லாம் கோணிப்பையில் போட்டு உள்ளே வைத்துவிடுவேன். சாமி கும்பிடத் திருடர் மாதிரி ஒளிய வேண்டியிருக்கிறதே என்று வெறுத்துப்போகும்.

ஒரு ஞாயிறு எனக்குக் கடும் காய்ச்சல். காலையில் குழாயடியில் தள்ளாடி நின்றேன். எதிர் வீட்டம்மா தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மயக்கத்தில் கோணிப்பையை மறந்தே போனேன். பாதி ஜெபத்தில் வெளியே சொந்தக்காரரின் வண்டிச் சத்தம். அப்போதுதான் செருப்பு ஞாபகம் வந்தது. ஐந்தாவது வீடு தேட வேண்டியதுதான் என்று நினைத்தபடி ஜன்னலில் பார்த்தேன். எங்கள் வாசலில் என் செருப்பு மட்டும்தான் இருந்தது. மற்ற ஏழு ஜோடியும் எதிர் வீட்டு வாசலில்!

"இன்னாக்கா, உங்க வூட்ல இவ்ளோ செருப்பு?" என்று கேட்டார் சொந்தக்காரர்.

"மகளிர் குழு கூட்டம்பா. உள்ள பேசிக்கினு இருக்காங்க. வேணும்னா நீயும் வந்து குந்து" என்றார் எதிர் வீட்டம்மா.

சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

அந்த அம்மா நிலபுலன் உள்ள குடும்பம். ஜெபத்துக்கு வரும் எங்கள் பெண்கள் எதிரே வந்தால் புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து நிற்பவர். அவர்களுடைய சேற்றுச் செருப்பைக் கையால் அள்ளியிருக்கிறார். நன்றி சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அழுவாதம்மா. எழுதிக் குடுத்ததுல மொதோ கையெழுத்தே என்னுதுதான். நாளைக்குக் கேட்டாலும் போடுவேன். இந்தத் தெருவுல நானும் இருக்கணுமில்ல? காய்ச்சலோட உன்னை ரோட்டுல நிக்கவெக்க மனசு வரல, அவ்ளோதான்."

நாலு மாதம் கழித்து மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். சொன்னபடியே போட்டார். நாங்களும் காலி பண்ணினோம்.

இப்போது ஏழாவது வீடு. கோணிப்பை இன்னும் கூடவே வருகிறது. அதில் செருப்பை அள்ளிப் போடும்போதெல்லாம் அந்த அம்மாவின் கைதான் ஞாபகம் வரும். கையெழுத்துப் போட்டதும் அந்தக் கைதான், செருப்பை அள்ளியதும் அந்தக் கைதான்; அதனாலேயே எந்தத் தெருவையும் என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.