கம்பியில் சிக்கிய பட்டு

மல்லிகாவின் பல் கம்பியைக் கழட்டிவிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக நோயாளி எதிரில் வாயைத் திறந்தேன். பல் ஆஸ்பத்திரியில் எனக்குக் கருவி கழுவி, நீராவியில் கிருமி போக்குகிற ஆட்டோகிளேவில் வைக்கிற வேலை. கிளிப் போட்டவர்களுக்கு டாக்டரம்மா விளக்க, பிளாஸ்டரில் செய்த மாதிரிப் பல்லில் நான் பேசாமல் பிரஷ் பிடித்துக் காட்டுவதும் உண்டு. புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மல்லிகா பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்கிறவள். முன்பல் தூக்கல். கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நின்றாளாம். நாற்பது வயசில் துணிந்து கிளிப் போட வந்தாள். "பேத்தி எடுக்கற வயசுல கம்பி கட்டிக்கினு வருது பாரு" என்றார் அவள் புருஷன் துரை. பட்டுக்குச் சாயம் போடுகிறவர். "உன் மூஞ்சியப் பாத்து சிரிக்கணும்னா நல்ல பல்லு வேணும்யா" என்றாள் அவள்.

சில மாதம் கழித்து ஈறு வீங்கி, ரத்தம் கசிய வந்தாள். கன்னத்து உள்பக்கம் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை.

"எல்லார் வாயிலயும் பாக்டீரியா இருக்குது, கொஞ்சம் ஈஸ்ட்டும் இருக்குது" என்றார் டாக்டரம்மா. "கம்பி போட்டா அதுங்களுக்கு ஒண்ட மூலை கிடைக்குது. சுத்தமா வெச்சுக்கலன்னா ரெண்டும் பெருகிடும்மா. பல்லு சொத்தையாறதுக்குள்ள கழட்டிடலாம்."

தினமும் தேய்க்கிறேன், பல்லிடுக்கில் நூல் விட்டும் எடுக்கிறேன் என்று மல்லிகா சாதித்தாள். டாக்டரம்மா கம்பி இடுக்கில் கொக்கிக் கருவியை நுழைத்து இழுத்தார். அரக்குச் சிவப்பில் ஓர் இழை வந்தது. பட்டு.

நாங்கள் கொடுத்த மெழுகு பூசிய நூல் தீர்ந்ததும், தறிக்காரி வீட்டில் நூலுக்கா பஞ்சம் என்று பட்டையே விட்டு இழுத்திருக்கிறாள். அது பிரிந்து, கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கிற பிராக்கெட் ஒவ்வொன்றிலும் சுற்றிக்கொண்டது. அதில் சோறு ஒட்ட, சோற்றில் கிருமி ஏற, வாய் கெட்டுவிட்டது.

"பாதியில கழட்டினா பல்லு பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டாள். ஆகிவிடும் என்றார் டாக்டரம்மா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கழட்டாதீங்கம்மா" என்றேன். "சாயங்காலம் சாயங்காலம் வரட்டும். நான் கூட நின்னு பாத்துக்கறேன்."

யார் பேசியது என்று டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

இழையெல்லாம் எடுத்து, ஈஸ்ட்டுக்கு மருந்து தந்து, அடுத்த செக்கப் வரை விட்டுவைத்தார். மல்லிகா தினமும் சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். கம்பிக்கு அடியில் நுழைகிற சின்ன பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால், கடமைக்கு இழுத்தாள். "புடவையில பூ புட்டா போடற கையாடி இது? வாசல் பெருக்கற மாதிரி தேய்க்கிற" என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு பல்லாக நிதானமாகப் போனாள்.

செக்கப் அன்று டாக்டரம்மா பல் முழுக்க ரோஸ் மருந்து தடவினார். கிருமி படிந்த இடத்தில் மட்டும்தான் அது பிடிக்கும். மல்லிகா கொப்பளித்துத் துப்பினாள். நிறமெல்லாம் தொட்டியில் போயிற்று. பல் வெள்ளை, ஈறு கெட்டி, கன்னம் சுத்தம். கம்பி இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. நாங்கள் கை தட்டினோம்.

கூட வந்திருந்த துரை தொட்டியைக் குனிந்து பார்த்தார். "நான் போட்ட சாயம் இப்படிப் போச்சுன்னா முதலாளி என்னைத் துரத்துவான். இங்க கை தட்டறாங்கபா."

மல்லிகா பல் தெரியச் சிரித்தாள்.

பிரஷ் பிடித்துக் காட்டுவது பாதி வேலைதான். வீட்டில் எதை வைத்துச் சுத்தம் பண்றீங்க என்று கேட்பது மீதிப் பாதி. கிளிப் போட்டு வருகிற எல்லாரையும் இப்போது கேட்கிறேன். வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகத்தான் கேட்கிறேன்.